பழனி மலையில் பயறு விதை தேர்வு: மூன்று சென்ட் சோதனைத் திடல் போடுவது எப்படி?

மலைக்குப் புதிதாக விவசாயம் செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரகம் நல்லா வரும்?" என்றுதான். "எந்த ஊர்ல, எந்தப் பட்டத்துல, மேல்மலையா கீழ்மலையா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ அரை டிகிரிக்கு மேல் குளிர் கூடும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறி முடிப்பதற்குள் 10 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். கீழ்மலையில் பண்ணைக்காடும் தாண்டிக்குடியும் காப்பி, மிளகு, மலைவாழை விளைகிற மிதமான ஊர்கள். மேல்மலையில் பூம்பாறையும் மன்னவனூரும் பூண்டு, கேரட், உருளை விளைகிற குளிர் ஊர்கள். தையில் அங்கே புல்மேல் உறைபனி படியும். இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே பீன்ஸ் ரகத்தைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது.

இங்கே பயறு என்றால் உளுந்து, பாசிப்பயறு மட்டும் கிடையாது. செடி பீன்ஸ், கொடி பீன்ஸ், பட்டர் பீன்ஸ், பட்டாணி, அவரை, மொச்சை எல்லாம் அந்தக் குடும்பம்தான். பச்சையாகப் பறித்தால் காய்கறி, முற்றவிட்டு உடைத்தால் பயறு. மலையடிவாரத்தில் துவரையும் தட்டைப்பயறும் சேர்ந்துகொள்ளும். விதை தேர்வு செய்யும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் செடி பீன்ஸை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

நான் ஏமாந்த கதை

பண்ணைக்காட்டுப் பக்கம் நான் போட்ட முதல் வெள்ளாமை பத்து சென்ட் செடி பீன்ஸ். கீழே ஒரு கடையில் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்த மூன்று கிலோ விதை. அட்டை இல்லை, பில் இல்லை, நானும் கேட்கவில்லை. வரிசையில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. முளைத்தது பிஞ்சு விடும் நேரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. காயில் குழி விழுந்த மாதிரி பழுப்புப் புள்ளிகள், விளிம்பில் செந்நிறம். ஒரு வாரத்தில் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வந்து பார்த்தார். மீதி விதை இருந்த பையைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி, நகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். "தம்பி, இங்க பாரு. வெதையிலயே கறை இருக்கு. நோவு வானத்துல இருந்து வரல, நீ பையில கட்டித் தூக்கிட்டு வந்திருக்க."

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆந்த்ராக்னோஸ் என்ற அந்தப் பூஞ்சண நோய் விதையிலேயே தங்கி வரும். குளிரும் ஈரமும் கிடைத்தால் விசிறி அடிக்கும். தேமல் வைரஸ் ஒன்றும் பீன்ஸில் விதை வழியாகவே பரவும். ரகம் நல்லதா என்ற கேள்விக்கு முன்னால் விதை நல்லதா என்ற கேள்வி நிற்கிறது என்பதை அந்தப் பத்து சென்ட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு ரகம் வெளிவருவதற்குள் என்னென்ன நடக்கிறது

இது தெரிந்தால்தான் ரகப் பட்டியலை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும்.

பயறு வகைகளுக்கு அகில இந்திய அளவில் ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் உண்டு. பயறு ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் கான்பூரில் இருக்கிறது. புது ரகம் முதலில் ஆரம்ப நிலைச் சோதனைக்கு வரும். அதில் தேறினால் மேல்நிலைச் சோதனை முதலாண்டு, பிறகு இரண்டாமாண்டு. ஆக மூன்று வருஷம், பல இடங்களில், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஒப்பீட்டு ரகத்தோடு சேர்த்து விதைத்துப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதே மாதிரி படிப்படியாகச் செய்கிறது. முதலில் ஆராய்ச்சி நிலையத்துக்குள் ஒப்பீட்டுத் திடல், அடுத்து பல இடங்களில் சோதனை, கடைசியாக விவசாயிகளின் வயலிலேயே திடல். இத்தனையும் தாண்டிய பிறகே ரகம் வெளியீட்டுக் குழுவின் முன் போகும். உளுந்தில் 'வம்பன்' என்று தொடங்கும் ரகங்கள் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையத்திலிருந்து இப்படி வந்தவை.

நம் மலையில் கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. மேல்மலைக்காரர்கள் முதலதற்கும் கீழ்மலைக்காரர்கள் இரண்டாவதற்கும் ஒரு நடை போய்வரலாம். போகும்போது, "நல்ல ரகம் எது?" என்று கேட்காதீர்கள். "எங்க ஊர் உசரத்துக்கு, கார்த்திகையில விதைக்க, நீங்க போட்டுப் பார்த்ததுல எது தேறுச்சு? எது தேறல?" என்று கேளுங்கள். தேறாத ரகத்தின் பெயர்தான் உங்கள் காசை மிச்சம் பிடிக்கும்.

அட்டவணையைப் படிக்கும் முறை

சோதனை முடிவு அட்டவணை கையில் கிடைத்தால் எல்லோரும் விளைச்சல் என்ற கட்டத்தில் பெரிய எண்ணைத் தேடுவார்கள். அதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

திடல் எங்கே, எந்தப் பருவத்தில் நடந்தது? சமவெளியில் நடந்த திடலாக இருந்தால் அங்கே எந்தத் தொல்லைக்கு ஈடுகொடுத்ததற்காக அந்த ரகம் ஜெயித்தது என்று யோசியுங்கள். உளுந்தில் மஞ்சள் தேமல் நோய்தான் சமவெளியின் பெரிய எதிரி. வெள்ளை ஈ பரப்புகிற நோய் அது. எனவே அதைத் தாங்கும் ரகம் அங்கே மேலே வரும், வரவும் வேண்டும். மேல்மலைக் குளிரில் வெள்ளை ஈக்கு அவ்வளவு வேலை இல்லை. இங்கே பீன்ஸை அழிப்பது துருநோயும் ஆந்த்ராக்னோஸும் வேரழுகலும், பட்டாணியை அழிப்பது சாம்பல் நோயும். கீழே கெட்டிக்காரனாக இருந்த ரகத்தின் கெட்டிக்காரத்தனம் இங்கே பயன்படாமலே போகலாம்.

அடுத்து, ஒப்பீட்டு ரகம் எது? பழைய, நோஞ்சான் ரகத்தோடு ஒப்பிட்டு 20 சதவீதம் கூடுதல் என்றால் அதில் பெருமை குறைவு.

மூன்றாவது, வயது. சமவெளியில் 70 நாள் என்று போட்டிருந்தால் குளிரில் அது நீளும். நீளுகிற நாட்கள் உங்களை உறைபனிக்குள்ளோ அடைமழைக்குள்ளோ கொண்டுபோய் விடுமா என்று காலண்டரை வைத்துக் கணக்குப் பாருங்கள்.

நான்காவது, அட்டவணையின் அடியில் சி.டி. என்று ஒரு எண் இருக்கும். பெரும்பாலானோர் கண்ணில் படாத எண் அது. இரண்டு ரகத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் அந்த எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால்தான் உண்மையான வித்தியாசம். ஒரு ரகம் எக்டேருக்கு 1,450 கிலோ, ஒப்பீட்டு ரகம் 1,320 கிலோ, சி.டி. 160 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 130தான். அப்படியானால் இரண்டும் சமம் என்று எடுத்துக்கொண்டு, விதை எது சுலபமாகக் கிடைக்கிறதோ, சந்தையில் எது விலை போகிறதோ அதை எடுங்கள்.

விலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தையில் வியாபாரி அட்டவணை பார்த்து விலை போடுவதில்லை. காயின் நீளம், நிறம், நார் இருக்கிறதா, மூட்டையில் ஒரு ராத்திரி தாங்குமா என்று பார்ப்பார். முருங்கை பீன்ஸுக்கு ஒரு விலை, ரிங் பீன்ஸுக்கு ஒரு விலை. விதைக்கும் முன்பே உங்கள் வழக்கமான கமிஷன் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சொந்தத் திடல்

அட்டவணை உங்களுக்குச் செய்யும் உதவி, இருபது ரகத்தை நாலாகக் குறைத்துக் கொடுப்பது. அந்த நாலில் எது என்பதை உங்கள் படிக்கட்டு நிலம்தான் சொல்லும். அதற்கு மூன்று சென்ட் போதும்.

ரகங்கள் நாலு எடுங்கள். அதில் ஒன்று கட்டாயம் பக்கத்துத் தோட்டக்காரர் வருஷக்கணக்காகப் போடுகிற விதையாக இருக்கட்டும். அதுதான் உங்கள் ஒப்பீட்டு ரகம். அது இல்லாமல் புது ரகங்களை மட்டும் போட்டால், விளைச்சல் நன்றாக வந்தது ரகத்தாலா மழையாலா என்று தெரியவே தெரியாது. மற்ற மூன்றில் பரவலாகக் கிடைக்கும் செடி ரகங்கள் இருக்கலாம். அர்க்கா கோமல் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது, கன்டெண்டர் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ரகம். செடி ரகத்தையும் கொடி ரகத்தையும் ஒரே திடலில் கலக்க வேண்டாம். கொடியின் நிழல் செடியைக் கெடுக்கும். கொடிக்குக் கம்பு, கட்டுக்கயிறு, கூலி என்று கணக்கே வேறு.

ஒவ்வொரு பாத்தியும் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. என்றால் ஒரு பாத்திக்கு 200 செடி. ஒரு ரகத்துக்கு மூன்று பாத்தி என்பதால் 600 விதை, முளைக்காதவற்றுக்கும் சேர்த்துக் கால் கிலோ வாங்கினால் போதும். நாலு ரகம், மூன்று தடவை, ஆக 12 பாத்தி. இதற்கு மட்டும் 108 சதுர மீட்டர், நடைபாதையோடு மூன்று சென்ட்டுக்குச் சற்று மேலே போகும்.

பாத்தி அமைப்பில்தான் மலைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். படிக்கட்டு நிலத்தில் கல்கட்டின் அடியில் ஈரமும் மண்ணும் சேர்ந்திருக்கும், வெளி விளிம்பு காய்ந்து கிடக்கும். மேல் படியும் கீழ் படியும் ஒரே மண் கிடையாது. ஒரு ரகத்தை மேல் படியிலும் இன்னொன்றைக் கீழ் படியிலும் போட்டால் ரகத்தை ஒப்பிட மாட்டீர்கள், படிகளைத்தான் ஒப்பிடுவீர்கள். அதனால் ஒரு படியை ஒரு தொகுதியாக வையுங்கள். அந்த ஒரே படியில் நாலு ரகமும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். ஒவ்வொரு பாத்தியும் கல்கட்டு ஓரத்திலிருந்து விளிம்பு நோக்கி இருக்கட்டும். அடுத்த படியில் மறுபடி நாலும், மூன்றாவது படியில் மறுபடி நாலும். எந்த ரகம் எந்த இடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். நீங்களே இடம் ஒதுக்கினால் கை தன்னையறியாமல் பிடித்த ரகத்துக்கு நல்ல மூலையைக் கொடுத்துவிடும்.

எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் விதையுங்கள். ஒரே அளவு எரு, ஒரே நாளில் களை. குச்சியில் கட்டும் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள், மை மழையில் கரைந்துவிடும். அதோடு நோட்டில் ஒரு படமும் வரைந்து வையுங்கள். குரங்கு குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் படம் இருக்கும். காட்டுமாடும் பன்றியும் வருகிற இடமாக இருந்தால் திடலை வீட்டுக்குப் பக்கத்தில் போடுவது நல்லது.

மலை மண் பெரும்பாலும் புளித்த மண். மண் பரிசோதனையில் காரஅமில நிலை குறைவாக வந்தால் சிபாரிசு செய்யும் சுண்ணாம்பைத் திடல் முழுவதற்கும் ஒரே சீராகப் போடுங்கள். வேர் முடிச்சைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பூக்கும் நேரத்தில் ஓரத்துச் செடி ஒன்றைப் பிடுங்காமல் மண்வெட்டியால் மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். வேரில் கடுகும் மிளகும் போல முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியானால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. பீன்ஸ் இதில் இயல்பாகவே சோம்பேறி, பட்டாணியும் அவரையும் கெட்டி. எனவே பீன்ஸுக்குத் தழைச்சத்தை முழுக்க முடிச்சின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

எதை எழுதிவைப்பது, எப்படிக் கணக்குப் போடுவது

விதைத்த தேதி. எத்தனை முளைத்தது. பாதிச் செடி பூத்த தேதி. பூக்கும்போது ஒரு தடவை, காய்க்கும்போது ஒரு தடவை நோய் எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண். ஒவ்வொரு பறிப்பின் எடை. இவ்வளவு போதும், இதற்கு மேல் எழுத ஆரம்பித்தால் மூன்றாவது வாரமே நோட்டு மூலைக்குப் போய்விடும்.

எடை போடும்போது சுற்றிலும் அரை மீட்டர் ஓரத்தை விட்டுவிட்டு நடுவிலுள்ள இரண்டுக்கு இரண்டு மீட்டரை மட்டும் தனியாகப் பறியுங்கள். ஓரத்துச் செடிக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல், அதன் காய் கணக்கைக் கெடுக்கும். நாலு சதுர மீட்டரில் ஒரு சௌகரியமும் உண்டு. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால் கிடைத்த கிலோவை ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். சின்னத் திடலில் கவனிப்பு அதிகம் என்பதால் ஏக்கரில் அவ்வளவு வராது. ரகங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்க்கும் விதத்துக்கு ஒரு மாதிரி. முதல் ரகம் மூன்று படியிலும் 5.2, 3.1, 4.0 கிலோ என்று வருகிறது. இரண்டாவது 4.3, 4.0, 4.2. சராசரி பார்த்தால் 4.1, 4.17, கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதல் ரகம் நல்ல மண்ணில் துள்ளுகிறது, இளைத்த மண்ணில் படுத்துவிடுகிறது. இரண்டாவது எங்கே வைத்தாலும் நிற்கிறது. நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கடன் வாங்கி வெள்ளாமை செய்கிற வீட்டுக்கு, ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்து மறு வருஷம் கைவிடுகிற விதை ஆபத்து.

ஒரே பட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐப்பசி மழையில் வென்ற ரகம் மாசி வெயிலில் தோற்கலாம். குறைந்தது இரண்டு பட்டம் போட்டுப் பாருங்கள். நாட்டு மொச்சை போன்றவை பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். அதைத் தையில் விதைத்துவிட்டு, "கொடி ஓடுது, பூக்கல" என்று ரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

விதை வாங்கும்போது

அட்டையின் நிறத்தைப் பாருங்கள். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், சான்று பெறாமல் விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை. நமக்குச் சான்று விதை போதும். பீன்ஸ், பட்டாணி, உளுந்து எல்லாவற்றுக்கும் சான்று விதையில் முளைப்புத்திறன் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சுத்தம் 98 சதவீதம், ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அட்டையில் பரிசோதனைத் தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும், இரண்டையும் படியுங்கள். பில் கேளுங்கள், அதில் ரகப் பெயரும் குவியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். முளைக்காமல் போனால் நியாயம் கேட்க அந்தத் துண்டுச் சீட்டுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. அரசு வேளாண் விரிவாக்க மையங்களின் விதை இருப்பை உழவன் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

பீன்ஸிலும் பட்டாணியிலும் 'ஹைபிரிட்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள். இரண்டும் தன் மகரந்தத்தில் தானே சூல் கொள்ளும் பயிர்கள், சந்தையில் இருப்பவை பெரும்பாலும் சாதாரண ரகங்களே. அதனாலேயே அவற்றின் விதையை நீங்களே எடுத்து வைத்து மறுபடி விதைக்க முடியும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் தன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரை குத்திய விதையாக விற்பது மட்டும் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் முளைப்புச் சோதனை. ஈரச் சாக்கில் நூறு விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, தளர்வாகக் கட்டி, அடுப்படிக்குப் பக்கத்தில் வையுங்கள். குளிர்ந்த அறையில் வைத்தால் நல்ல விதையும் சுணங்கி, தவறான கணக்குக் காட்டும். தினமும் தண்ணீர் தெளித்து, ஒன்பதாம் நாள் பிரித்து எண்ணுங்கள். வேரும் தளிரும் ஒழுங்காக உள்ளவற்றை மட்டும் சேருங்கள். எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால் விதையைத் திருப்பிக் கொடுங்கள்.

விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து வையுங்கள். வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்து விதைமேல் பூசி, நிழலில் அரை மணி உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். ரசாயனப் பூஞ்சணக் கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முதல் நாளே கலந்து, 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் பூசுங்கள்.

உங்கள் விதையை நீங்களே எடுக்க

திடலில் தேறிய ரகத்துக்கு விதை எடுக்கும் பட்டத்தை மழைப் பட்டமாக வைக்காதீர்கள். மார்கழி கடந்து, காய் வறண்ட காற்றில் முற்றும்படி விதைத்தால் நோய்க் கறை குறையும். மேல்மலைக்காரர்கள் மட்டும் உறைபனிக்கு ஒதுங்கித் தேதி வைக்க வேண்டும். நோயில்லாத செடிகளைப் பூக்கும்போதே பார்த்து, துணித் துண்டு கட்டி அடையாளம் வையுங்கள். அதில் பச்சைக்காய் பறிக்கவே கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அவரை, துவரையில் தேனீ கலப்புச் செய்யும், துவரையில் நிறையவே செய்யும். அவற்றுக்கு வேறு ரகம் பக்கத்தில் இல்லாத இடமாகத் தேடுங்கள்.

காய் பழுத்துச் சலசலக்கும்போது பறித்து, நிழலிலும் பிறகு இளவெயிலிலும் காயவைத்து உடையுங்கள். கறை, சுருக்கம், உடைசல் எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தள்ளுங்கள். அந்தப் பாட்டி செய்த மாதிரி உள்ளங்கையில் பரப்பி, நகத்தால் ஒவ்வொன்றாக. விதையைப் பல்லில் கடித்தால் பதியாமல் 'டக்' என்று உடைய வேண்டும், அதுதான் காய்ந்த பதம். மலைக்காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, சாக்கில் வைத்தால் விதை அதைக் குடித்துவிடும். இறுக்கி மூடும் டின்னில் சலித்த சாம்பலோடு கலந்து போட்டு, ரகப் பெயர், எந்தப் படியில் எடுத்தது, எந்த மாதம் என்று ஒரு சீட்டை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து வண்டு துளை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த பட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் மறுபடி நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டுங்கள்.